விவாத இழை: சத்திரசிகிச்சைத் தியேட்டரில் நிற்பவரின் கழுத்து, கை, இரத்தம், நித்திரை

உப்புவெளியான்:
எல்லாருக்கும் வணக்கம். திருகோணமலை, கிண்ணியா, மூதூர், கந்தளாய் என்று எங்கட மாவட்டத்துச் சத்திரசிகிச்சைப் பிரிவுகளுக்கு வாற உள்ளகப் பயிற்சி வைத்தியர்கள் நோயாளியின்ர உடம்பைப் பற்றி நிறையப் படிச்சுக்கொண்டுதான் வருகினம். தங்கட உடம்பைப் பற்றி ஆரும் இருத்தி வைச்சுச் சொல்லிக்குடுக்கிறதில்லை. ஒரு சத்திரசிகிச்சை நிபுணர் உருவாக, மருத்துவபீடம் முடிச்ச பிறகும் உள்ளகப் பயிற்சி, கொழும்பில பட்டப்பின் பரீட்சைகள், பயிற்சி இடங்கள், வெளிநாட்டுப் பயிற்சி எண்டு பல வருசம் போகுது. அப்பிடி வந்த ஒருவர் கழுத்து நோவால கத்தியைக் கீழ வைச்சால் இழப்பு முழு மாவட்டத்துக்கும்தான். மேசை உயரம், ஊசிக்குத்து, கதிர், இரவு வேலை: தெரிஞ்சவை எழுதுங்கோ. சொந்தக் கதை வேண்டாம், செய்முறையும் காரணமும் போதும்.

தியேட்டர்அக்கா:
மேசையில் தொடங்குவம். மயக்கம் கொடுக்கும்போது மேசை எந்த உயரத்தில் இருந்ததோ, பல நேரம் அதே உயரத்திலேயே ஒப்பரேசனும் முடிந்துவிடும். அந்த உயரம் மயக்க மருந்து வைத்தியர் குழாய் போடுவதற்கு வசதியானது, வெட்டுபவருக்கு அல்ல. திறந்து செய்யும் சத்திரசிகிச்சையில் காயத்தின் மட்டம் முழங்கைக்கு நேராக, அல்லது ஒரு 5 செ.மீ. கீழே இருக்க வேணும். மேசைத் தட்டின் மட்டத்தைப் பார்க்கக் கூடாது, காயத்தின் மட்டத்தைப் பாருங்கோ. மெலிந்த ஒருவருக்குப் பிறகு வயிறு பருத்த ஒருவர் வந்தால் மேசை இறங்கத்தான் வேணும்.

கமரா விட்டுச் செய்யும் லப்பரஸ்கோப்பியில் கணக்கு வேறு. கருவிகள் நீளம், வயிறும் வாயுவால் ஊதியிருக்கும், அதனால் கைப்பிடி உயரத்துக்கு வந்துவிடும். மேசையை இறக்காவிட்டால் தோள் தூக்கியபடியே மணிக்கணக்காக நிற்கும். மேசை உயரம் முழங்கை உயரத்தின் 0.7 முதல் 0.8 மடங்கு என்று வையுங்கோ. நிலத்திலிருந்து முழங்கைக்கு 105 செ.மீ. என்றால் மேசை 74 முதல் 84 செ.மீ. வரை. பழைய மேசைகள் சில அவ்வளவுக்கு இறங்காது. அப்போது படிக்கட்டை வைக்கிறோம், ஆனால் டயதேமியின் (மின்சாரத்தால் திசுவைச் சுட்டு வெட்டும் கருவி) மிதியை நிலத்திலேயே விட்டுவிடுகிறோம். ஒரு கால் படியில், மற்றக் கால் மிதியைத் தேடித் தொங்கிக்கொண்டு. இடுப்பு நோவுக்கு இதைவிட நல்ல வழி தேவையில்லை. படி இரண்டு பாதமும் மிதியும் சேர்ந்து வைக்கிற அளவு அகலமாக இருக்க வேணும், மிதியும் படிக்கு மேலேதான்.

திரை நேர் எதிரே, பார்வை மட்டத்துக்குச் சற்றுக் கீழே. 15 பாகை அளவு கீழே பார்ப்பது கழுத்துக்கு நல்லது. திரை பக்கவாட்டில் இருந்தால் உடம்பு ஒரு பக்கம், தலை ஒரு பக்கம் என்று முறுகி நிற்கும். கைப்பிடி வளையத்துக்குள் பெருவிரலை அடிவரை நுழைக்க வேண்டாம், நுனி மட்டும் போதும். அடிவரை நுழைத்தால் வளையத்தின் விளிம்பு விரல் நரம்பை அழுத்தும். பெருவிரல் பக்கம் மரத்துப்போகத் தொடங்கினால் இதைத்தான் முதலில் பாருங்கோ.

உள்ளகம்:
அக்கா, நிபுணர் உயரமானவர், உதவிக்கு நிற்கிறவர் கட்டை, கருவி எடுத்துக் குடுக்கிற தாதி இன்னும் கட்டை எண்டால் ஆருக்கு ஏற்ற மாதிரி மேசையை வைக்கிறது? ரிட்ராக்டர் (காயத்தை விரிச்சுப் பிடிக்கிற கருவி) பிடிச்சுக்கொண்டு நிற்கிற ஆளின்ர கை என்ன செய்யிறது?

தியேட்டர்அக்கா:
ஆக உயரமானவருக்கு மேசை, மற்றவர்களுக்குப் படி. கட்டையானவருக்கு மேசையை வைத்தால் உயரமானவர் குனிந்தே நிற்க வேணும், குனிவுக்கு மாற்று இல்லை. தலையின் எடை 4.5 முதல் 5 கி.கி. வரை. நேராக இருக்கும்போது கழுத்து அந்த எடையைத்தான் சுமக்கிறது. 60 பாகை குனிந்தால் கழுத்து முள்ளந்தண்டில் விழும் சுமை ஏறத்தாழ 27 கி.கி. என்று கணித்திருக்கிறார்கள்.

ரிட்ராக்டர் பிடிப்பவர் முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்து, கையால் இழுக்காமல் உடம்பின் எடையைப் பின்னுக்குச் சாய்த்துப் பிடிக்க வேணும். மணிக்கட்டு மடங்கக் கூடாது. நேரம் போகும் என்று தெரிந்தால் தானாகப் பிடித்து நிற்கும் ரிட்ராக்டரைத் தொடக்கத்திலேயே கேளுங்கோ. கை நடுங்கத் தொடங்கிய பிறகு கேட்டால், அதற்குள் திசு இழுபட்டிருக்கும்.

இடைவேளையும் உண்டு. 20 முதல் 40 நிமிசத்துக்கு ஒருமுறை, ஒன்றரை முதல் இரண்டு நிமிசம், கருவிகளைக் கீழே வைத்து, கைகளை நெஞ்சு மட்டத்தில் கிருமியற்ற எல்லைக்குள் வைத்தபடியே: நாடியை (தாடையை) உள்ளே இழுத்து, தோளைப் பின்னுக்குத் தள்ளி, குதிக்காலை உயர்த்தி இறக்கி. ஆய்ந்து பார்த்த இடங்களில் ஒப்பரேசன் நேரம் இதனால் கூடவில்லை. தாதி நேரம் சொல்ல வேணும். வெட்டுபவருக்கு நேரம் தெரியாது.

ஏட்டுச்சுவடி:
இந்த நிற்கிற வேலையே புதியது என்பதை இடையில் சொல்ல வேண்டும். 1846 ஒக்டோபர் 16இல் பொஸ்டனில் பல் வைத்தியர் மோர்ட்டன் ஈதரால் மயக்கம் கொடுக்க, சத்திரசிகிச்சையாளர் வொறன் வலியில்லாமல் கழலை அகற்றிக் காட்டும்வரை, சத்திரசிகிச்சையில் வேகம்தான் கருணை. இலண்டன் றொபேட் லிஸ்ரன் காலைத் துண்டிக்க மூன்று நிமிசம்கூட எடுக்கமாட்டார் என்று பேர் பெற்றவர். நோயாளி துடிக்கும்போது நீண்ட நேரம் குனிந்து நிற்க எவருக்கும் வாய்ப்பில்லை. ஈதரும் குளோரோபோமும் வந்த பிறகுதான் வயிற்றைத் திறந்து ஆறுதலாக வேலை செய்ய முடிந்தது. சத்திரசிகிச்சையாளரின் முதுகு நோவுக்கு வயது அங்கேயிருந்துதான்.

எங்கள் ஊரின் பெயர் தாங்கிய கப்பல் ஒன்று இங்கிலாந்தின் ஹாட்டில்பூலில் இன்னும் மிதக்கிறது. 1817இல் பம்பாயில் தேக்கு மரத்தால் கட்டிய போர்க்கப்பல். அந்தக் காலக் கப்பல்களில் சத்திரசிகிச்சையாளருக்குக் கிடைத்த இடம் நீர்மட்டத்துக்குக் கீழே, தலை இடிக்கும் தட்டுக்குள், விளக்கு வெளிச்சத்தில்.

கிண்ணியா நாநா:
அஸ்ஸலாமு அலைக்கும். ஊசிக்குத்தைப் பற்றி எழுதுறன். தம்பிமார், தங்கச்சிமார், இதைக் கவனமா வாசியுங்க.

முதல்ல நேரம். தையல் போடுறவரோட மற்றக் கை, அதாவது வலக்கைக்காரருக்கு இடக்கைப் பெருவிரலும் சுட்டுவிரலும்தான் கூடுதலாகக் குத்து வாங்குற இடம். வயிற்றுச் சுவரின் உறையை மூடுற நேரம் ஆபத்து அதிகம். எல்லாரும் களைச்சிருப்பாங்க, ஊசி பெரிசு, உறை தடிப்பு, விரலால திசுவைப் பிடிச்சு ஊசி நுனியைத் தேடுற பழக்கம். விரலுக்குப் பதிலா பல்லுள்ள இடுக்கியால பிடிக்கணும். உறைக்கு மழுங்கின நுனி ஊசி கிடைச்சா அதையே கேளுங்க.

அடுத்தது கத்தி அலகு கழட்டுறது. 3ஆம் இலக்கப் பிடிக்கு 10, 11, 15 அலகுகள், 4ஆம் இலக்கப் பிடிக்கு 20 முதல் 24 வரை. பிடி மாறினா அலகு ஆடும், ஆடினா கழண்டு விழும். விரலால கழட்டவே வேணாம். ஆட்டரி போசெப்ஸால (பூட்டுள்ள இடுக்கி) அலகோட அடிப்பகுதியை, கூர் இல்லாத முதுகுப் பக்கமா இறுக்கிப் பிடிங்க. நுனி கீழே, யாரும் நிக்காத பக்கம் பார்த்திருக்கணும். அடியைக் கொஞ்சம் மேல தூக்கினா பிடியில இருக்கிற குமிழ்ல இருந்து விடுபடும், பிறகு முன்னுக்குத் தள்ளுங்க. தூக்காம இழுத்தா அலகு வளைஞ்சு தெறிக்கும். நேரா கூர்ப்பொருள் பெட்டிக்குள்ள போடுங்க. பெட்டி முக்கால்வாசி நிரம்பினா மூடி மாத்தணும், அமத்தித் திணிக்கக் கூடாது.

கத்தியைக் கைக்குக் கை குடுக்க வேணாம். நடுவுல ஒரு சிறுநீரக வடிவத் தட்டு வைங்க. வைக்கிறவர் "கத்தி" எண்டு வாயால சொல்லி வைக்கணும், எடுக்கிறவர் எடுக்கணும். ஒரே நேரம் ரெண்டு கை தட்டுக்குள்ள போகக் கூடாது. கையுறையும் ஒண்டுக்கு மேல ஒண்டா இரண்டு போடுங்க.

மூதூரான்:
நாநா சொல்லுறது எல்லாம் சரி. இரண்டு கையுறை போடச் சொல்லுறதில மட்டும் எனக்கு மறுப்பு. விரல் உணர்வு குறையுது. மெல்லிய நூல் முடிச்சில அது தெரியும். உணர்வு குறைஞ்சால் பிழை கூடும், பிழை கூடினால் குத்தும் கூடும்.

கிண்ணியா நாநா:
மூதூரான் தம்பி, பழகுற வரைக்கும் அது உண்மை. ஆனா இரண்டு போட்டவங்கள்ல உள் கையுறை ஓட்டையாகுறது, ஒண்டு மட்டும் போட்டவங்களோட ஒப்பிட்டா ஏறத்தாழ 71 வீதம் குறைவு எண்டு பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த முடிவு இருக்கு. வெளிக் கையுறை ஓட்டையாகுறது கூடல்லை, அதனால "இரண்டு போட்டா விகாரமாகி நிறையக் குத்துவாங்க" எண்ட வாதம் நிக்காது. உணர்வு குறையுதெண்டு சொல்லுற பலபேர் அளவைப் பிழையாப் போடுறாங்க. வழமையா 7 போடுறவர் உள்ளே 7½, வெளியே 7 போட்டுப் பார்க்கணும். இரண்டும் 7 எண்டா விரல் நுனி இறுகி மரத்துத்தான் போகும். உள்ளே நிறக் கையுறை கிடைச்சா இன்னும் நல்லம், வெளியில ஓட்டை விழுந்து ஈரம் போனா நிறம் தெரியும். கண்ணுக்குத் தெரியாத ஓட்டைதான் கூட, அதனால நீண்ட ஒப்பரேசன்ல இடையில வெளிக் கையுறையை மாத்துங்க.

குத்திட்டா:
கருவியைக் கீழ வைச்சு, சொல்லிட்டு விலகுங்க. இரத்தப்போக்கு ஓடிக்கிட்டிருக்கிற கட்டம் எண்டா மற்றவர் பொறுப்பெடுக்கிற வரைக்கும்தான் நிக்கலாம். கையுறை கழட்டி, சவர்க்காரமும் ஓடுற தண்ணியும். பிழிய வேணாம், உறிஞ்ச வேணாம், புளீச் ஊத்த வேணாம். பிழிஞ்சா உள்ள போனது வெளிய வரும் எண்டதுக்கு ஆதாரமில்லை, திசுதான் காயப்படும். கண்ணுல தெறிச்சா தண்ணி அல்லது சேலைனால நல்லாக் கழுவுங்க. நோயாளியிட இரத்தம், உங்கட இரத்தம் இரண்டும் சோதனைக்குப் போகணும், சம்பவம் பதிவாகணும்.

ஆபத்துக் கணக்கு: எச்.ஐ.வி. உள்ளவர்ட இரத்தம் பட்ட ஊசியால ஏறத்தாழ 0.3 வீதம். தடுப்பூசி போடாதவருக்கு ஹெபடைற்றிஸ் பி 6 முதல் 30 வீதம் வரை. எல்லாரும் முதலாவதுக்குப் பயப்படுறாங்க, பயப்பட வேண்டியது இரண்டாவதுக்கு. எச்.ஐ.வி. தடுப்பு மருந்து முடிஞ்சா சில மணித்தியாலத்துக்குள்ள, எப்படியும் 72 மணித்தியாலத்துக்குள்ள தொடங்கி 28 நாள் முழுசா எடுக்கணும். அந்த மருந்து உங்கட வைத்தியசாலையில இரவு 2 மணிக்கு எந்த அலுமாரியில, யார்ட்ட திறப்பு இருக்கு எண்டு வேலைக்குப் போற முதல் நாளே கேட்டு வைங்க. குத்தின பிறகு தேடத் தொடங்கினா விடிஞ்சிரும்.

உள்ளகம்:
நாநா, தடுப்பூசி 0, 1, 6 மாதம் எண்டு மூண்டும் போட்டாச்சு. அது போதும்தானே?

கிண்ணியா நாநா:
போதாது மகள். மூண்டாவது ஊசிக்குப் பிறகு ஒண்டு முதல் இரண்டு மாதத்துக்குள்ள எதிர்ப்பொருள் அளவு பார்க்கணும். 10 mIU/mL அல்லது அதுக்கு மேல இருந்தாத்தான் பாதுகாப்பு வந்திருக்கு. ஊசி போட்ட எல்லாருக்கும் அது வாறதில்லை. வராதவங்களுக்குத் திருப்பி ஒரு சுற்றுப் போடணும், அதுக்கும் வரல்லை எண்டா குத்து வாங்குற நேரம் இமியூனோகுளோபுலின் (தயாரா இருக்கிற எதிர்ப்பொருள் ஊசி) தேவைப்படும், அது 24 மணித்தியாலத்துக்குள்ள எண்டா நல்லம். இலக்கத்தை எழுதி வைங்க.

கதிர்:
நான் கதிர்ப்படப் பக்கத்தில் இருந்து. எலும்பு முறிவுச் சத்திரசிகிச்சையில் சீ-ஆம் (ஒப்பரேசன் நடக்கும்போதே எக்ஸ்-கதிர்ப் படம் காட்டும் வளைந்த இயந்திரம்) ஓடும்போது நடக்கிற ஒரே பெரிய பிழை, குழாயை மேலே வைப்பது. கதிர் வெளிவரும் குழாய் மேசைக்குக் கீழே, படம் வாங்கும் பக்கம் நோயாளிக்கு மிக அருகில் மேலே இருக்க வேண்டும். நோயாளியின் உடம்பில் பட்டுச் சிதறும் கதிர் குழாய் இருக்கும் பக்கம்தான் அதிகம். குழாய் மேலே இருந்தால் அது உங்கள் முகத்துக்கும் கழுத்துக்கும் வருகிறது, கீழே இருந்தால் காலுக்குப் போகிறது. பக்கவாட்டுப் படம் எடுக்கும்போது குழாய்ப் பக்கம் நிற்காமல், படம் வாங்கும் பக்கம் போய் நில்லுங்கள்.

தூரத்தை இரட்டித்தால் கதிர் நாலில் ஒன்றாகும். ஒரு அடி பின்னால் போவதற்குக் காசு செலவில்லை. கையைக் கதிர்க் கற்றைக்குள் விட வேண்டாம். எலும்பைப் பிடிக்கக் கருவி இருக்கிறது. ஈயக் கையுறை போட்டுக் கையை உள்ளே விட்டால் இயந்திரம் தானாகக் கதிரைக் கூட்டும், இலாபம் போய்விடும்.

ஈய அங்கியை மடித்துப் போடாதீர்கள். மடிப்பில் வெடிப்பு விழும், வெளியே துணி நல்லாகத்தான் தெரியும். தடித்த கம்பியில் தொங்கவிட வேண்டும், வருடத்துக்கு ஒருமுறை கதிரில் வைத்து ஓட்டை பார்க்க வேண்டும். ஒற்றை அங்கி முழு எடையையும் தோளில் போடும். மேற்சட்டையும் பாவாடையுமாக இரண்டு துண்டு அங்கி எடையைப் பாதி இடுப்புக்கு இறக்கும். கழுத்துக்குத் தைரொயிட் காப்பு. கதிர் அளவி அங்கிக்கு உள்ளே நெஞ்சில் இருக்க வேண்டும், அலுமாரியில் அல்ல. வருட எல்லை 20 மில்லிசீவேட். கண் வில்லைக்கும் 2011இல் இருந்து 5 வருடச் சராசரியாக அதே 20தான் பரிந்துரை. அதற்கு முன் 150.

ஏட்டுச்சுவடி:
கதிர் சொல்வதற்குப் பின்னால் வெட்டுப்பட்ட கைகள் இருக்கின்றன. பேர்மிங்ஹாம் ஜோன் ஹோல்-எட்வேட்ஸ், மருத்துவத்தில் எக்ஸ்-கதிரை முதலில் பயன்படுத்தியவர்களில் ஒருவர், 1908இல் இடக்கையை இழந்தார். ஹம்பேர்க்கில் 1936இல் எழுப்பிய நினைவுத் தூணில் கதிரால் இறந்தவர்களின் 169 பெயர்கள் முதலில் பொறிக்கப்பட்டன.

ஊசிக்குத்துக்கும் அப்படித்தான். 1847இல் வியன்னாவில் கொலெட்ஸ்கா என்ற பேராசிரியர் பிணப் பரிசோதனையில் மாணவன் ஒருவனின் கத்தி பட்டு இறந்தார். அவரது உடலில் கண்ட மாற்றங்கள் பிரசவக் காய்ச்சலில் இறந்த தாய்மாரின் மாற்றங்களை ஒத்திருந்ததைப் பார்த்துத்தான் அங்கிருந்த வைத்தியர் செமல்வைஸ் கை கழுவுவதற்கு வந்தார்.

கையுறையின் தொடக்கமும் வைத்தியசாலை ஊழியரின் தோலைக் காக்கத்தான். அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலையில் தாதி கரோலைன் ஹம்ப்டனின் கை பாதரச குளோரைட்டால் வெந்து புண்ணானது. 1889-90 குளிர்காலத்தில் அங்கிருந்த சத்திரசிகிச்சையாளர் வில்லியம் ஹால்ஸ்ரெட் றப்பர்க் கொம்பனியிடம் சொல்லி மெல்லிய கையுறை செய்வித்தார். அதே ஹால்ஸ்ரெட், கொக்கேயினால் நரம்பை மரக்கச் செய்யும் முறையைத் தன் உடம்பிலேயே சோதித்து அடிமையானவர். மோபீன் பழக்கம் அவரை நெடுங்காலம் விடவில்லை. நவீன சத்திரசிகிச்சைப் பயிற்சி முறையை, மாணவர் வைத்தியசாலையிலேயே தங்கி வாழும் முறையை, வகுத்தவரும் அவரே. இரவும் பகலும் நிற்கும் வழக்கத்தை இன்று நியாயப்படுத்துகிறவர்கள் இந்த இரண்டையும் சேர்த்து வாசிக்க வேண்டும்.

எங்கள் பக்கம் பார்த்தால், பொலநறுவை ஆளாகனப் பிரிவெனா வைத்தியசாலை இடிபாட்டில் சத்திரசிகிச்சைக் கருவிகள் கிடைத்திருக்கின்றன. யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் கிறீன் தமிழில் மருத்துவம் கற்பித்து, சத்திரசிகிச்சை நூலை "இரண வைத்தியம்" என்று 1867இல் வெளியிட்டார். ஜோசப் லிஸ்ரர் காயத்தில் கிருமியை அழிக்கும் கார்போலிக் அமில முறையை அறிவித்ததும் அதே ஆண்டு.

மூதூரான்:
கையுறையில நாநாவுக்கு விட்டுக்குடுக்கிறன், உள்ளே பெரிய அளவு எண்டதை யோசிக்கவில்லை. ஆனால் இரவு வேலையில ஏட்டுச்சுவடி ஐயாவோட உடன்படேலாது. வைத்தியர்கள் நாட்டை விட்டுப் போய்க்கொண்டிருக்கினம், 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு இன்னும் மோசம். ஒரு நிபுணர் இருக்கிற இடத்தில நேர எல்லை எண்டு எழுதி வைச்சால் இரவு வாற குடல் ஓட்டையை ஆர் பார்க்கிறது? ஒருவரே தொடக்கம் முதல் முடிவு வரை பார்க்கிறதில நோயாளிக்கு நன்மையும் இருக்கு.

உப்புவெளியான்:
நோயாளியை அனுப்பச் சொல்லி ஒருவரும் கேக்கேல்லை. ஆனால் 17 மணித்தியாலம் முழிச்சிருந்தவரின்ர செயல் இரத்தத்தில 0.05 வீத மதுசாரம் உள்ளவருக்குச் சமம், 24 மணித்தியாலத்தில 0.10 எண்டு 1997இல அளந்து காட்டியிருக்கினம். எங்கட நாட்டில வாகனம் ஓட்ட எல்லை 0.08. ஆள் குறைவான இடத்தில செய்யக்கூடியது இதுதான்: காத்திருக்கக்கூடியதை இரவில தொடாதேங்கோ. குடல் ஓட்டை, ஓடுற இரத்தம், இரத்தோட்டம் நிண்ட கால் இரவிலேயே. சீழ்க்கட்டி பல, நிலையான நோயாளியின்ர குடல்வால் அழற்சி சில, விடிய முதல் ஆளாகச் செய்யலாம். இந்தப் பட்டியலை மயக்க மருந்து வைத்தியரோட இருந்து முன்கூட்டியே எழுதிவைக்கோணும். இரவு 3 மணிக்குத் தீர்மானிக்கப் போனால் களைச்ச மூளைதான் தீர்மானிக்கும்.

இடையில 20, 30 நிமிசம் கண்ணயரலாம். எழும்பின உடன கத்தி எடுக்காமல் கொஞ்ச நேரம் நடந்து முகம் கழுவுங்கோ. அடுத்த வைத்தியரிட்ட நோயாளியைக் கையளிக்கிறதைத் தாளில எழுதிக் கட்டிலடியில நிண்டு செய்யுங்கோ, தொலைபேசியில வேண்டாம்.

இன்னொண்டு கட்டாயம் சொல்லோணும். குடும்பம் கொழும்பில, கண்டியில இருக்கிற வைத்தியர்கள் இரவுக் கடமை முடிஞ்ச கையோட கந்தளாய், ஹபரணைப் பாதையில தனிய வண்டி ஓட்டிப் போகினம். காட்டுப் பாதை, யானை குறுக்க வரும். நித்திரை இல்லாத கண்ணுக்கு அந்தப் பாதை ஒப்பரேசனைவிட ஆபத்து. படுத்தெழும்பிப் போங்கோ, இல்லையெண்டால் பஸ் அல்லது ரயில்.

மூதூரான்:
பட்டியல் யோசனை நல்லது. அதை ஏற்கிறன்.

தியேட்டர்அக்கா:
விடுபட்டவை சில. டயதேமிப் புகையை முகத்தில் வாங்க வேண்டாம். உறிஞ்சு குழாயின் வாய் புகை எழும் இடத்துக்கு 5 செ.மீ.க்குள் இருக்க வேணும், தள்ளிப்போனால் பிடிக்காது. சாதாரண சத்திரசிகிச்சை முகக்கவசம் அந்த நுண்துகளை மறிக்காது. மரு எரிக்கும்போது வைரஸும் புகையோடு வரும், அதற்கு என்95 போடுங்கோ.

கச்சான் காத்து அடிக்கிற மாதங்களில் தண்ணீர். நீர்புகா அங்கி, அதற்குள் ஈய அங்கி, குளிரூட்டி சரியாக வேலை செய்யாத நாள் என்றால் வியர்வையில் உடம்பு வற்றிவிடும். "இடையில் சிறுநீர் வரும்" என்று தண்ணீர் குடிக்காமல் நிற்பவர்கள் சிறுநீரகக் கல்லுக்கு வழி வைக்கிறார்கள். ஒவ்வொரு ஒப்பரேசனுக்கும் இடையில் ஒரு கோப்பை, கை கழுவ முதல் கழிப்பறை. சிறுநீர் கடும் மஞ்சளாகப் போனால் குடித்தது காணாது.

மேசையில் ஒருவர் இறந்த பிறகு அடுத்த நோயாளியை உடனே உள்ளே எடுக்க வேண்டாம். பத்து நிமிசம் எல்லாரையும், சிற்றூழியரையும் சேர்த்து, ஒரு அறையில் இருத்துங்கோ. என்ன நடந்தது என்பதை மட்டும் பேசுங்கோ, யார் பிழை என்பதை அல்ல. அது பிறகு கூட்டத்தில், கோப்போடு. உறவினரிடம் சொல்லப் போகிறவர் தனியே போகக் கூடாது, அங்கியில் இரத்தத்தோடும் போகக் கூடாது. அதன் பிறகு நித்திரை வராமல், அந்த ஒப்பரேசனையே திருப்பித் திருப்பி ஓட்டிக்கொண்டிருக்கிறவரை வைத்தியர் என்பதற்காக விட்டுவிடாதேங்கோ. 1926 என்ற மனநல உதவி இலக்கத்துக்குத் தமிழிலும் பேசலாம்.

உள்ளகம்:
காலில் நரம்பு சுருண்டு வாறதுக்கு இறுக்கக் காலுறை போடச் சொல்லுகினம். இந்த வெக்கையில எப்பிடி அக்கா?

தியேட்டர்அக்கா:
முழங்காலுக்குக் கீழ் வரை உள்ளது, 15 முதல் 20 மி.மீ. பாதரச அழுத்தம், நிற்கிற வேலைக்குக் காணும். காலையில் கட்டிலால் இறங்க முதல் போட வேணும், வீங்கின பிறகு போட்டால் பிரயோசனம் குறைவு. கணுக்காலையும் கெண்டையையும் காலையிலேயே அளந்து வாங்குங்கோ. மேல் விளிம்பு சுருண்டு இறங்கினால் அந்த இடத்தில் கயிறு கட்டினது போல இறுக்கும், அப்போது கழற்றித் திரும்பப் போடுங்கோ. இரண்டு சோடி வைத்து ஒவ்வொரு நாளும் துவைத்து மாற்றினால் வெக்கையிலும் போடலாம். காலில் இரத்தோட்டக் குறைவு உள்ளவர்கள் கேளாமல் போடக் கூடாது.